முகப்புப் பக்கத்தைப் பிடித்த புல்லுருவி

பிரவுசரைத் திறந்ததும் பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. செட்டிங்ஸில் போய் மாற்றினால் அப்போதைக்குச் சரியாகிறது. மறுநாள் மறுபடியும் அதே பக்கம். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். உண்மையில் அதை வைத்து யாரோ சம்பாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேடுபொறி நிறுவனங்கள், தங்களிடம் ஆட்களை அனுப்பிவைக்கும் பக்கங்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு தருவதுண்டு. அந்தப் பங்குக்காகத்தான் போலித் தேடல் பக்கங்கள் முளைக்கின்றன. நாம் தட்டும் சொல்லை வாங்கி, உண்மையான தேடுபொறிக்குத் தள்ளிவிடுவதே அவற்றின் வேலை. போகிற வழியில் நாம் எதைத் தேடுகிறோம் என்பதையும் குறித்துக்கொள்ளும்.

இந்த வேலையில் பேர்போன மென்பொருள் ‘ஃபயர்பால்’. பெய்ஜிங்கைச் சேர்ந்த ரஃபோடெக் என்ற விளம்பர நிறுவனத்தின் வேலை இது என்று 2017 ஜூனில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர்கள் சிக்கின, அவற்றில் 2.53 கோடி இந்தியாவில் என்பது அதன் கணக்கு. பட்டியலில் நாம்தான் முதலிடம். இது மிகைக் கணக்கு என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனால் ஃபயர்பால் பரவிய வழியில் சந்தேகமில்லை: இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகப்பை மாற்றியதோடு, வேறு எந்த நிரலையும் உள்ளே இறக்கும் வசதியும் அதற்கு இருந்தது.

பலாமரத்துப் புல்லுருவியின் இலையை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். அதன் வேர் கிளைக்குள் இருக்கிறது. முகப்பை மட்டும் மாற்றுவதும் அப்படித்தான். ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த, நீங்கள் கேட்காத மென்பொருளை நீக்குங்கள். அடுத்து பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களைப் பார்த்து, தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள். மூன்றாவதாகத்தான் குரோமின் ‘ரீசெட் செட்டிங்ஸ்’. முகப்பும் தேடுபொறியும் பழைய நிலைக்குத் திரும்பும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அழியாது.

அப்படியும் போகவில்லையா? டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘டார்கெட்’ வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி தொங்கிக்கொண்டிருந்தால் அதை அழியுங்கள். பலர் பார்க்காமல் விடும் ஒளிவிடம் இது. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். சொந்த லேப்டாப்பிலேயே ‘உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் அறிவிப்பு வந்தால், தொல்லை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி வரை போயிருக்கலாம். அதை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

கொல்லிமலையின் அரியூர் நாடு போன்ற ஊர்களுக்கு இந்தக் கைவைத்தியம் கூடுதலாக உதவும். இதற்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிப் போக வேண்டியதில்லை. மேலும், மலையில் ஒரு கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்வது சகஜம். சாதிச் சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்க அரசுத் தளத்தைத் தேடும்போது, போலித் தேடல் பக்கம் விளம்பரத் தளத்தை முதலில் நீட்டினால், ஆதார் எண்ணும் போன் எண்ணும் வேறு யார் கைக்கோ போய்விடும். அரசுத் தளங்களைத் தேடிப் போகாமல் முகவரியைத் தட்டியே திறப்பது, அல்லது புக்மார்க் செய்து வைப்பது பாதுகாப்பு.

மறுபடி வராமலிருக்க இரண்டு பழக்கம் போதும். மென்பொருளை அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாமல், ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்து, கூடவே வரும் இலவசங்களின் டிக்கை எடுத்துவிடுங்கள். பலர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால், கூடவே நிறுவும் அதிகாரமும் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். மற்றவர்களுக்குச் சாதாரணக் கணக்கு போதும்.