மாற்று ஈரலும் மார்பு அறுவையும்

1984 பிப்ரவரி 14. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஸ்டோர்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றினார்கள். உலகில் அதுவே முதல் முறை. பழுதானது இதயம்தானே, ஈரலில் ஏன் கை வைத்தார்கள்? கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அள்ளியெடுக்கும் வேலை பெரும்பாலும் ஈரலுடையது. பிறவிக் கோளாறால் அவளுடைய ஈரலுக்கு அது முடியவில்லை. கொலஸ்ட்ரால் 1000-ஐத் தாண்டி, இதயக் குழாய்களை அடைத்துவிட்டது. புது இதயம் மட்டும் வைத்திருந்தால் அதுவும் அடைபட்டிருக்கும்.

இன்று மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது வேறொரு வரிசை. முதலில் ஈரல் மாற்று, பல ஆண்டுகள் கழித்து பைபாஸோ வால்வு அறுவையோ.

ஈரல் புதிது, குழாய்கள் பழையவை

ஈரல் மாற்றிக்கொண்டவர்கள் இப்போது பத்து, இருபது ஆண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். அதனாலேயே இதயநோய் அவர்களை எட்டிப்பிடிக்கிறது. கொழுப்பு ஈரல் முற்றிச் சுருங்கியதால் மாற்று செய்துகொண்டவருக்கு சர்க்கரையும் உடற்பருமனும் முன்பே இருந்திருக்கும். அவற்றை எந்த அறுவையும் வெட்டி எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, உடல் புது ஈரலை ஒதுக்கிவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, சிறுநீரகத்தையும் மெல்ல அரிக்கின்றன. ஸ்டீராய்டு சர்க்கரையைக் கூட்டுகிறது.

எது ஆபத்து?

இதய அறுவை நிபுணர் உண்மையில் அஞ்சுவது சுருங்கிப்போன ஈரலைத்தான். வயிற்றில் நீர் கோக்கும் மகோதரமும் மஞ்சள் காமாலையும் முற்றிய நிலையில் மார்பைத் திறந்தால் பாதிப் பேரோ அதற்கு மேலோ பிழைப்பதில்லை எனப் பல மருத்துவமனைகளின் அனுபவம் சொல்கிறது. நன்றாக வேலை செய்யும் மாற்று ஈரல் அப்படியல்ல. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை அது ஒழுங்காகத் தருகிறது. இத்தகையோரைப் பற்றிய ஆய்வுகள் சிறியவைதான்; ஆனாலும் ஈரல் சீராக உள்ளவர்களில் பெரும்பாலோர் அறுவையைத் தாண்டி வீடு திரும்புகிறார்கள் என்பதே அவற்றின் சாரம். தொல்லை தருபவை தொற்றும் சிறுநீரகமும். ‘ஈரல் மாற்றியவர்’ என்ற அடையாளத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு அறுவையை மறுப்பது சரியல்ல, ஈரலும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டும் பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் ஆகியவற்றின் இன்றைய அளவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அறுவையின்போது ஒரு நுட்பமான கவலை உண்டு. பித்தக்குழாய்களுக்கு இயல்பாகப் பக்கக் கிளைகளிலிருந்தும் இரத்தம் வரும். மாற்று ஈரலில் அந்தக் கிளைகள் அறுந்துவிட்டதால் ஈரல் தமனி ஒன்றையே பித்தக்குழாய்கள் நம்பியிருக்கின்றன. இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும் வேளையில் அழுத்தம் வெகுநேரம் தாழ்ந்தால் முதலில் வாடுபவை அவைதான். ஆகவே மயக்க மருத்துவர் அழுத்தத்தை விழவிடாமல் பார்த்துக்கொள்வார்.

சிலருக்கு மார்பைத் திறக்கவே தேவையிருக்காது. சுருங்கிய பெருந்தமனி வால்வைத் தொடை வழியாகவே மாற்றும் ‘டாவி’ முறை இவர்களுக்கும் பொருந்தக்கூடும்.

மாத்திரைகள் மோதும்போது

இங்கேதான் நோயாளியும் குடும்பமும் விழித்திருக்க வேண்டும். எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரையை ‘அறுவைக்காக’ என்று தாமாக நிறுத்தக் கூடாது. அவ்வகை மாத்திரைகளில் எவரோலிமஸ், சிரோலிமஸ் எடுப்பவர்களுக்குப் புண் ஆற நாளாகும். அதனால் ஈரல் மருத்துவர் முன்கூட்டியே மருந்தை மாற்றித் தரக்கூடும். டில்டியாசெம், வெராபமில் போன்ற இதய மருந்துகள் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்திவிடும். சைக்ளோஸ்போரினுடன் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசை கரையும் அபாயம்கூட உண்டு. இதய மருத்துவர் புதிதாக எது எழுதினாலும் ஈரல் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வலி மாத்திரையில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஈரலுக்கு ஆகாது என்று பாராசிட்டமாலை ஒதுக்கிவிட்டு, மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபெனோ கேட்டு வாங்குகிறார்கள். ஏற்கெனவே டாக்ரோலிமஸின் சுமையைத் தாங்கும் சிறுநீரகத்துக்கு அவைதான் ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாத பாராசிட்டமாலே இவர்களுக்குப் பொதுவாக முதல் தேர்வு.