பில்லை எங்கை வச்சனீங்கள்?

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், தர்மபுரம் தாண்டி விசுவமடுப் பக்கமாக, வேப்பமர நிழலில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. நான்கு தடி, மேலே தகரம், தொங்குகிற பழைய ரயர்கள், காத்தடிக்கிற பம், ஒரு பேசினில் தண்ணீர். கடை அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கே ஐந்தாறு சைக்கிள்கள் சாத்திக் கிடக்கும். காத்திருக்கிற சனம் அரசியல் பேசும் என்று நினைத்தால் பிழை. முக்கால்வாசிப் பேச்சும் சைக்கிளுக்கு என்ன வந்தது, வீட்டுக்கு என்ன வந்தது என்பதுதான்.

ஆவணி மாதத்து ஒரு காலை. பின்சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு அக்கா குந்தியிருந்தார். புது ரயர். பக்கவாட்டில் நூல் தெரிய வெடித்து, ரியூப் அதற்குள்ளால் பலூன் மாதிரிப் பிதுங்கி நின்றது.

“எப்ப அக்கா போட்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்ச கையோட, தம்பி.”

“பில்லை எங்கை வச்சனீங்கள்?”

“ரயருக்கு ஆர் பில் வாங்குறது?”

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்கார அண்ணை பழைய ரயரில் ஒரு துண்டை வெட்டி, வெடித்த இடத்துக்கு உட்புறமாக வைத்து, திரும்பப் பூட்டிக் கொடுத்தார். இன்னும் ஒரு மாதம் ஓடுமாம்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் சீமெந்தும் பற்றரியும் ஏ9 வீதியால் வராத நாட்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். அன்று ஒரு ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு இருக்கும். பொருள் கிடைத்ததே பெரிய காரியம், அதற்குப் பில் கேட்டால் விசரன் என்பார்கள். எதையும் நாங்களே திருத்திக்கொள்வோம், யாரிடமும் போய் நிற்கமாட்டோம். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கும் பெருமைதான். ஆனால் வீதி திறந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், காசு கொடுத்து வாங்கிய புது ரயர் மூன்று மாதத்துக்குள் வெடித்தால், அதையும் நாங்களேதான் ஒட்டிக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தால் இப்போது லாபம் விற்றவருக்கு மட்டும்தான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இந்த அக்காவுக்காகவும் எழுதப்பட்டதுதான். வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். “பில் புத்தகம் முடிஞ்சுது”, “தெரிஞ்ச ஆள்தானே” என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத சாட்டு. விலைப்பட்டியலையும் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். பொருள், விற்றவர் வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கோ அந்தப் பொருளுக்கு இயல்பாகவே இருக்கவேண்டிய உத்தரவாதத்துக்கோ மாறாக இருந்தால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு வழங்கவோ அவர்கள் கட்டளை இடலாம்.

இதில் இரண்டு விசயத்தை மட்டும் மறக்கக்கூடாது. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேட்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடாமல் கடிதம் எழுதுங்கள். மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். தமிழில் எழுதலாம். கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத பிரதி வெறும் கடதாசி.

பில் இல்லாவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாங்கியதைக் கண்ட ஆள், கடைப்பெயர் போட்ட பை, உத்தரவாத அட்டை, கைபேசியில் எடுத்த படம் எல்லாம் உதவும். ஆனாலும் பில்லுக்கு ஈடில்லை. வெடித்த ரயரையும் எறிந்துவிடக்கூடாது. எங்கள் ஆட்கள் முதலில் செய்வது அதைத்தான்: ரயரை வெட்டிக் கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியாக்கி விடுவார்கள்.

பில்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2022இல் பெற்றோல் இல்லாமல் போய், கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களுக்கு எல்லாம் திரும்ப உயிர் வந்தது. விலையும் ஏறியது, களவும் ஏறியது. ஒவ்வொரு சைக்கிளின் சட்டகத்திலும் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். பெரும்பாலும் பெடல் பூட்டிய இடத்துக்கு அடியில், இல்லாவிட்டால் சீற்றுக்குக் கீழே. சைக்கிளைக் கவிழ்த்து, துருவைத் துணியால் துடைத்து, அந்த இலக்கத்தைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். “கறுப்புச் சைக்கிள், பின்னால கூடை” என்று சொல்லி பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் பாவம் பொலிஸ்காரர் எதைத் தேடுவார்?

பழைய சைக்கிள் வாங்குகிறவர்களும் கவனம். விற்கிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சைக்கிள் இலக்கம், திகதி, கையெழுத்து, எல்லாம் ஒரு கடிதத்தில். களவுப் பொருள் என்று தெரிந்து வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். தெரியாமல்தான் வாங்கினேன் என்று காட்ட அந்தக் கடிதம் வேண்டும். பிரதேச சபைக்கு சைக்கிள் வரி கட்டிய துண்டு இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து அட்டவணையில் அந்த வரி வருடத்துக்கு 4 ரூபா, வியாபாரத்துக்குப் பாவிக்கும் சைக்கிளுக்கு 18 ரூபா. இன்றைக்கு 4 ரூபாவுக்கு ஒரு ரொபியும் வராது. ஆனால் அந்தத் துண்டில் உங்கள் பெயர் இருக்கும்.

வீதிக்கு வருவோம். வன்னியில் இரவில் சைக்கிள்காரருக்கு எமன் இரண்டு பேர்: வேகமாக வரும் டிப்பர், நடுவீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு. தார் சூடு பிடித்து மாடு வந்து படுக்கும், கறுப்பு வீதியில் கறுப்பு மாடு தெரியாது. முன்னுக்கு வெளிச்சம், பின்னுக்குச் சிவப்புத் தெறிப்பான், வேலை செய்கிற பிறேக். இந்த மூன்றும் பொலிஸுக்குப் பயந்து போடுகிற சாமான்கள் இல்லை.

விபத்து நடந்தால் மோதிய வாகனம் நிற்கவேண்டும், காயப்பட்டவருக்கு உதவவேண்டும், விபரம் கொடுக்கவேண்டும். அது சாரதியின் சட்டக் கடமை. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2018இல் இருந்து வடக்கிலும் இந்தச் சேவை இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. வீதியோரத்திலேயே “சரி ஐயா, சில்லு மாத்தக் காசு தாறன், பொலிசுக்குப் போகாதேங்கோ” என்று பேசி முடித்துவிடுவார்கள். இரண்டு கிழமை கழித்து முழங்கால் மடங்காது. எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சைக்கிளில் போனவர்தான் அந்த மூன்றாம் தரப்பு. வாகன இலக்கம், காப்புறுதி விபரம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலைத் துண்டு, இவற்றைச் சேர்த்து வைத்தால் நட்டஈடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம்தான் தவணை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அன்று கடையில் பேச்சு அடுத்ததாக வீட்டுக்குத் திரும்பியது. மாரி வரப்போகிறது, கூரையைப் பார்க்கவேண்டும். வயதான ஐயா ஒருவர் தன் வீட்டுக் கதையைத் தொடங்கினார். இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது. 2012இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாக வங்கியில் விழும். பயனாளியே நின்று கட்டவேண்டும். பத்து வருடம் தாண்டிய அந்த வீடுகளுக்கு இப்போது ஒவ்வொரு வருத்தமாக வருகிறது. சுவரில் மயிர் வெடிப்பு, கூரை மரத்தில் கறையான், கடல்மண் கலந்த இடங்களில் கம்பி துருத்தி சீமெந்து உதிர்கிறது.

“சீற் ரெண்டு வெடிச்சுப் போச்சு. நேற்றுத்தான் மகன் கிறைண்டரால வெட்டிப் போட்டவன்,” என்றார் ஐயா.

அந்த முற்றத்தை நான் மனதில் கண்டேன், ஏனென்றால் அப்படிப் பல முற்றங்களைப் பார்த்திருக்கிறேன். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் கிறைண்டர் படும்போது அரிசிமா அரித்தது போல வெள்ளைத் தூள் எழும்பும். கிணற்றுக் கட்டில், காயப்போட்ட உடுப்பில், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கொப்பியில் எல்லாம் மெல்லியதாகப் படியும். மகன் முகத்தில் சாரத்துண்டைக் கட்டியிருப்பான். அந்தத் துணியில் நிற்காது அந்த இழை, அவ்வளவு மெல்லியது. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நுரையீரலிலும் நுரையீரலைச் சுற்றிய சவ்விலும். இன்றைக்குச் சுவாசித்தது இருபது, முப்பது, நாற்பது வருடத்துக்குப் பிறகு நோயாக வரும். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன. எங்கள் ஊர் வன்பொருள் கடைகளில் இன்னும் அடுக்கிக் கிடக்கிறது.

கூரையில் வெடிப்பில்லாமல் அப்படியே கிடக்கும் சீற் தூள் பறக்கவிடாது. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், காய்ந்த தூரிகையால் பாசி சுரண்டும்போதும்தான் ஆபத்து. வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, கைவாளால் அறுங்கள். பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தூளைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். உடைந்த துண்டுகளை நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டிவைத்து, எங்கே போடுவது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். ஒழுங்கையின் குழிக்கு அதைப் போட்டு நிரப்புகிற பழக்கம் எங்களிடம் உண்டு. அதன்மேல் லான்ட்மாஸ்டரும் சைக்கிளும் ஏறி ஏறி அரைக்க, தூள் வருடக்கணக்காகப் பறக்கும். புதிதாகக் கூரை போடுகிறவர் ஓட்டுக்கோ தகரத்துக்கோ மாறினால் நல்லது என்பது என் அபிப்பிராயம். தகரம் சூடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

மேசன் பிரச்சினை தனிக் கதை. முற்பணம் வாங்கிவிட்டு ஆளைக் காணவில்லை, பூச்சு ஒரு மாரிக்குள் உரிந்துவிட்டது என்று கேட்காத நாளில்லை. ஒரு கொப்பி ஒற்றையில் வேலை என்ன, மொத்தக் கூலி எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அமைப்பு அது. அங்கே சட்டத்தரணி வாதாட முடியாது, நீங்களே பேசலாம். சிறுதொகைத் தகராறுகள் அங்கே போகாமல் நேரே நீதிமன்றத்துக்குப் போகவும் முடியாது.

வீட்டுத் திட்டப் பணம் நின்றுபோனவர்களின் நிலைதான் பெரிய துயரம். 2018, 2019 காலத்தில் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்களில் தொடங்கிய பல வீடுகள், அடுத்த கட்டப் பணம் வராமல் சுவரோடு நின்றன. “எப்ப வரும்?” என்று கந்தோர் கந்தோராகச் சைக்கிள் உழக்கிக் கேட்பதற்குப் பதில், தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எந்தக் கட்டம் வரை பணம் விடுவிக்கப்பட்டது, மிச்சத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. கட்டாக்காலி மாட்டைப் பற்றியும் வீதி விளக்கைப் பற்றியும் இதே வழியில் கேட்கலாம்.

மண் கிண்டுகிறவர்களுக்கு ஒரு சொல். மலசலகூடக் குழியோ அத்திவாரமோ வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு தட்டுப்பட்டால் அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம்; மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, வந்த தடத்தாலேயே திரும்புங்கள். இடத்தைத் தூரத்தில் இருந்து அடையாளப்படுத்தி 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்பு சேர்க்கும் சைக்கிள்காரத் தம்பிமாருக்கும் இதுதான்.

இதற்குள் அக்காவின் சில்லு பூட்டியாகிவிட்டது. அவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“பொங்கல் வைகாசியில. அப்ப மூண்டு மாசம் இன்னும் முடியேல்லத்தானே?”

“இன்னும் ஒரு கிழமை கிடக்கு, அக்கா.”

“ரயர் சுத்தி வந்த மட்டை கொட்டிலுக்க கிடக்க வேணும். அதுக்குள்ளதான் ஏதோ துண்டு ஒண்டு வச்சுத் தந்தவங்கள்.”

உள்ளே வைத்த ரயர்த் துண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் டொக் என்று இடிக்க, விசுவமடுப் பக்கமாக உழக்கிக்கொண்டு போனார்.