தீயணைப்பு வண்டியின் வயது

நெய்யாற்றங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களுக்கு வடக்கே, அகத்தியமலை அடிவாரத்தில் நெய்யாறு அணையை ஒட்டி அமைந்த கள்ளிக்காடும், அங்கிருந்து தமிழக எல்லை நோக்கி ஏறியும் இறங்கியும் செல்லும் சிற்றூர்களும், தீயணைப்பு வண்டி ஒன்றிடம் ஒரே நேரத்தில் பலவகை வேலைகளை எதிர்பார்க்கும் நிலப்பகுதியாகும். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் கோடைத் தொடக்கத்தில் தோட்டத்துச் சருகும், ரப்பர் ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் கூடங்களும் எளிதில் தீப்பற்றுகின்றன. மழைக்காலத்தில் சாலையின் குறுக்கே விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவதும், ஆற்றிலும் அணை நீரிலும் மூழ்கியவரைத் தேடுவதும், வீட்டுக் கிணற்றில் தவறி விழுந்த மனிதரையோ மாட்டையோ கயிறும் வலையும் கட்டி மேலேற்றுவதும் அதே வண்டியில் வரும் அதே பணியாளர்களின் பொறுப்பாகின்றன. இத்தகைய வண்டிகளுள் பல, அவை பதிவு செய்யப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்திய மாநிலங்கள் பலவற்றில் பணியில் இருந்து வந்துள்ளன. ஒரு தீயணைப்பு வண்டி எப்போது முதுமை அடைகிறது என்ற வினாவுக்கு நாட்காட்டியை மட்டும் பார்த்து விடை சொல்ல இயலாது. அவ்வண்டி எவ்வாறு இயங்குகிறது என்பதிலிருந்தே அவ்விடையைத் தேட வேண்டும்.

இந்தியத் தீயணைப்பு வண்டி பெரும்பாலும் டாடா அல்லது அசோக் லேலண்ட் நிறுவனத்தின் லாரிச் சட்டகத்தின்மீது, அதாவது எஞ்சின், சக்கரங்கள், அச்சுகள் ஆகியவற்றைத் தாங்கும் சேஸிஸின்மீது, தனியாகக் கட்டி எழுப்பப்படுவது ஆகும். நீர்த்தொட்டி, பம்பு, ஏணி, குழாய்ச் சுருள்கள், கருவிப் பெட்டிகள், பணியாளர் அமரும் அறை ஆகியவை அச்சட்டகத்தின்மேல் பொருத்தப்படுகின்றன. பரவலாகக் காணப்படும் வகையில் தொட்டியின் கொள்ளளவு 4500 லிட்டர்; பம்பு நிமிடத்திற்கு 1800 லிட்டர் நீரைத் தள்ளவல்லது. பம்புக்கெனத் தனி எஞ்சின் பெரும்பாலும் இருப்பதில்லை. வண்டியை ஓட்டும் எஞ்சினின் சுழற்சியே, வண்டி நின்றபின், பி.டி.ஓ. எனப்படும் விசைப்பகிர்வுப் பல்லிணைப்பு வழியாகப் பம்புக்குத் திருப்பிவிடப்படுகிறது. பம்பு முழு வேகத்தில் இயங்கினால் நிறைந்த தொட்டி இரண்டரை நிமிடத்தில் காலியாகிவிடும் என்பதையும், ஒரே குழாயில் சிக்கனமாகப் பீய்ச்சினாலும் ஏறத்தாழ 10 நிமிடங்களே தாங்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு, வண்டி சுமந்துவரும் நீர் தொடக்க நிமிடங்களுக்கு மட்டுமே உரியது என்பது விளங்கும். அதன்பின் எஞ்சும் வேலை முழுவதும் அருகிலுள்ள குளத்திலிருந்தோ கால்வாயிலிருந்தோ ஆற்றிலிருந்தோ நீரை உறிஞ்சும் ஆற்றலைப் பொறுத்தது. தெருமுனைதோறும் தீயணைப்புக்கான நீர்க்குழாய் இல்லாத, ஆனால் குளமும் கால்வாயும் ஆறும் உள்ள நாட்டுப்புறத்தில், இந்த உறிஞ்சும் ஆற்றலே வண்டியின் உண்மையான தகுதி.

உறிஞ்சுதல் என்று வழக்கில் சொல்லப்பட்டாலும், பம்பு நீரை மேலே இழுப்பதில்லை. பம்பினுள்ளும், நீரில் இறக்கப்பட்ட சக்‌ஷன் குழாயினுள்ளும் இருக்கும் காற்று வெளியேற்றப்பட்டவுடன், குளத்து நீர்ப்பரப்பின்மீது அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரைக் குழாய்க்குள் மேலேற்றுகிறது. கடல்மட்டத்தில் வளியழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர், ஆயினும் குழாயின் உராய்வும் சிறு கசிவுகளும் நீரின் ஆவியழுத்தமும் குறுக்கிடுவதால், நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றுவதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர் என்னும் சுழல்தட்டு நீரை வெளிநோக்கி விசிறி அழுத்தம் ஊட்டவல்லதே அன்றிக் காற்றைத் தள்ளும் திறன் அற்றது. எனவே தொடக்கத்தில் காற்றை வெளியேற்றும் வேலைக்குப் பிரைமர் என்னும் துணைக்கருவி தேவைப்படுகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் இது மிக எளிய அமைப்புடையது: எஞ்சினின் புகைக்குழாயை ஓர் அடைப்பால் மூடி, வெளியேறும் புகையைக் குறுகிய துளை வழியே விரைந்து பாயச் செய்தால், அப்பாய்ச்சல் பம்பிலுள்ள காற்றையும் தன்னுடன் இழுத்துச் சென்றுவிடும். இதில் தேய்ந்துபோகும் நகரும் உறுப்பு ஏறக்குறைய எதுவும் இல்லை. பல ஆண்டுகள் ஓடிய வண்டியிலும் இப்பகுதி பழுதின்றி இயங்குவதற்கு இவ்வெளிமையே காரணம்.

பம்பும் அத்தகையதே. வெண்கலத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன கூடு, ஓர் அச்சு, சுழல்தட்டு, தாங்குருளைகள், அச்சு வெளிவரும் இடத்தில் நீரும் காற்றும் கசியாமல் இறுக்கும் கிளாண்ட் பேக்கிங் என்னும் திரிச்செறிவு ஆகியவையே அதன் முதன்மை உறுப்புகள். சேறும் மணலும் கலந்த குளத்து நீர் சுழல்தட்டின் விளிம்பை அரிக்கும், திரி தேயும், வால்வின் ரப்பர் வளையம் விறைக்கும். ஆனால் இவை அனைத்தையும் கழற்றி மாற்றலாம். மாற்றியபின் பம்பு நலமாக உள்ளதா என்பதை அறிய, நீர் இல்லாமலே சக்‌ஷன் வாயை மூடிவைத்துப் பிரைமரால் காற்றை வெளியேற்றி, வெற்றிடமானியின் முள் எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்றே போதுமானது. முள் உடனே இறங்கினால் எங்கோ காற்று நுழைகிறது. அவ்வண்டி குளக்கரையில் நின்றும் பயனில்லை. புதிதாக வண்ணம் பூசப்பட்ட வண்டி இச்சோதனையில் தோற்பதும், தகடு மங்கிய வண்டி தேறுவதும் கூடும்.

 

பம்புக்கு இருக்கும் இந்த நீண்ட ஆயுள், அதைச் சுமக்கும் சட்டகத்திற்கு இல்லை என்பதே இப்பொருளின் சிக்கலான பகுதியாகும். சரக்கு லாரி சுமையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். தீயணைப்பு வண்டியோ நான்கரை டன் நீரைச் சுமந்தபடியே இரவும் பகலும் நிலையத்தில் நிற்கிறது. ஓடாமல் நின்றபோதும் வில்தகடுகள் தளர்கின்றன. டயர் தேயாமலே ரப்பர் விறைத்து வெடிப்பு விடுகிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கின் இணைப்புகளில் மெல்லிய கசிவுகள் தோன்றி, வண்டி புறப்படுவதற்குத் தேவையான அழுத்தம் சேரத் தாமதமாகிறது. அழைப்பு வந்தவுடன் குளிர்ந்த எஞ்சின் சூடேறக் காத்திராமல் முழுச் சுமையுடன் விரைவதும், சென்றடைந்த இடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் மணிக்கணக்கில் பம்பை இயக்குவதும் இவ்வண்டியின் அன்றாடம். ஆகையால் ஓடிய தூரத்தைக் காட்டும் அளவி இவ்வண்டியின் வயதைக் குறைத்தே காட்டும். எஞ்சின் இயங்கிய மணிகளைப் பதிவு செய்யும் மணிமானியே உண்மைக்கு நெருங்கியது.

இவற்றைக் காட்டிலும் கவலைக்குரியது தொட்டி. நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழி இங்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது: நிறைந்த தொட்டியுடன் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியைவிட, பாதி நீரைச் செலவிட்டு மீண்டும் நிரப்பச் செல்லும் வண்டியே வளைவில் கவிழும் வாய்ப்பு மிகுந்தது, ஏனெனில் திரும்பும்போது நீர் ஒருபக்கமாகத் திரண்டு வண்டியின் எடைமையத்தையே இடம் மாற்றிவிடுகிறது. இதைத் தடுக்கத் தொட்டியினுள் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புத் தகடுகள் பற்றவைக்கப்படுகின்றன. எஃகுத் தொட்டி ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து துருப்பிடிக்கும்போது முதலில் பலவீனமடையும் இடங்களுள் அத்தகடுகளின் பற்றவைப்பும் ஒன்று. தொட்டி கசியாத வரையில் உள்ளே தகடு பெயர்ந்திருப்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. கள்ளிக்காட்டிலிருந்து மலைநோக்கி ஏறும் சாலைகளைப் போன்ற வளைவுகள் நிறைந்த பாதையில் இது உயிர்ப்பிரச்சினை. தீயை நோக்கி விரைபவர்கள் தாம் ஏறிய வண்டியினாலேயே உயிரிழப்பது எந்நாட்டிலும் நேரக்கூடாத கொடுமை. பழைய வண்டியைப் பாராட்டிப் பேசும் எவரும் இந்தப் பகுதியைக் கடந்து சென்றுவிடலாகாது.

இந்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட விதித்திருத்தத்தின்படி, மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உரிய வாகனங்கள் முதற்பதிவிலிருந்து 15 ஆண்டுகளைக் கடந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் அவற்றின் பதிவு செல்லாது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஈடுபடுத்தப்படும் கவச வாகனங்களுக்கும் பிற சிறப்பு வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. அவ்விலக்கில் தீயணைப்பு வண்டிகள் பெயர்சுட்டிக் குறிப்பிடப்படவில்லை. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தரநூல் இதே 15 ஆண்டை வேறுவிதமாகக் கையாள்கிறது: முறையாகப் பராமரிக்கப்பட்ட வண்டி 15 ஆண்டைக் கடந்தால் அதை முதல் வரிசையிலிருந்து எடுத்துக் காப்புவண்டியாக வைக்கலாம் என்றும், 25 ஆண்டைக் கடந்ததை மாற்றிவிட வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது. இவ்விரண்டில் பின்னதே இயந்திரத்தின் இயல்புக்குப் பொருந்தியது. நான்கு வண்டிகள் தேவைப்படும் பெருந்தீயில், காப்பில் இருக்கும் ஒரு பழைய பம்பு வண்டியைக் குளக்கரையில் நிறுத்தி, அங்கிருந்து மற்ற வண்டிகளுக்கு நீரனுப்பச் செய்தாலே அதன் இருப்பு நியாயமாகிவிடும். அப்போது அது விரைய வேண்டியதும் இல்லை, வளைவில் திரும்ப வேண்டியதும் இல்லை.

முதிர்ந்த வண்டியின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்ட நிகழ்வு பிரிட்டனில் உண்டு. அணுகுண்டுத் தாக்குதல் நேர்ந்தால் நகரங்களின் தீயை அணைப்பதற்கென்று 1950களில் அந்நாட்டின் துணைத் தீயணைப்புப் படைக்காக, பெட்ஃபோர்டு லாரிச் சட்டகத்தின்மீது பச்சை நிற வண்டிகள் கட்டப்பட்டன. மக்கள் அவற்றை கிரீன் காடஸ் என்று அழைத்தனர். 1968இல் அப்படை கலைக்கப்பட்டபின் கிடங்கில் வைத்துப் பராமரிக்கப்பட்ட அவ்வண்டிகள், தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்த 1977இலும், பின்னர் 2002இலும் இராணுவத்தினரால் சாலைக்குக் கொண்டுவரப்பட்டன. அரைநூற்றாண்டைத் தொட்ட நிலையிலும் அவற்றின் பம்புகள் ஏராளமான நீரை வழங்கின. ஆனால் வண்டி மெதுவாகவே ஓடியது, ஓட்டுவதற்குக் கடினமாக இருந்தது, விபத்தில் சிக்கியவரை மீட்கும் நவீனக் கருவிகள் அதில் இல்லை. 2004க்குப் பின் விற்றும் கொடையளித்தும் கழிக்கப்பட்ட அவற்றுள் சில ஆப்பிரிக்க நாடுகளின் தீயணைப்புப் பணிக்குச் சென்றன.

பழைய வண்டியும் புதிய வண்டியும் ஒரே இடத்தில் சேர்ந்து உழைக்க முடிவது, குழாய்களை இணைக்கும் கப்ளிங் என்னும் பூட்டுகள் ஒரே அளவில் இருப்பதால்தான். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஆகிய நகரங்களிலிருந்து உதவிக்கு வந்த வண்டிகளின் குழாய்கள் அந்நகரத்து நீர்க்குழாய்களுடன் பொருந்தாமையால், வந்திருந்த வலிமையின் பெரும்பகுதி பயன்படாமல் போயிற்று. இந்தியாவில் 63 மில்லிமீட்டர் விட்டமுடைய, தள்ளியவுடன் பூட்டிக்கொள்ளும் வகைக் கப்ளிங் இந்தியத் தர நிர்ணயத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. அதன் பயனை இந்த எல்லைப்பகுதியிலேயே காணலாம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்து, நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்தில் நிலைத்தபோது, முன்பு ஒரே திருவிதாங்கூர் நாட்டில் இருந்த அண்டை ஊர்கள் இருவேறு அரசுகளின் கீழ் வந்தன. கேரளப் பக்கத்துப் பாறசாலையும் தமிழகப் பக்கத்துக் குழித்துறையும் இன்று இருவேறு துறைகளின் நிலையங்களைக் கொண்டவை. ஆயினும் எல்லையிலுள்ள களியக்காவிளையை ஒட்டி எங்கேனும் தீ மூண்டு இருபக்கத்து வண்டிகளும் வர நேர்ந்தால், பல ஆண்டு முந்திய வண்டியின் குழாயும் கடந்த ஆண்டு வந்த வண்டியின் குழாயும் மாற்றமின்றிப் பொருந்தும்.

மீட்புக் கருவிகள் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவே. கயிறு, வலை, ஏணி, மரம் அறுக்கும் சங்கிலி வாள், நசுங்கிய வாகனத்தின் கதவைப் பிளக்கும் ஹைட்ராலிக் கட்டர், புகையிலும் காற்றோட்டமற்ற கிணற்றிலும் மூச்சுவிடத் துணைபுரியும் சுவாசக் கருவி ஆகியவை வண்டியின் வயதோடு பிணைக்கப்பட்டவை அல்ல. இவற்றைப் புதுப்பித்தால் பழைய வண்டியும் மீட்புப் பணியில் இக்காலத்துக்கு உரியதாகிவிடும். சேர்க்கப்படும் ஒவ்வொரு கருவியின் எடையும் முன்பே தளர்ந்த வில்தகடுகளின்மீது ஏறுகிறது என்பது மட்டுமே கவனிக்கத்தக்கது.

தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் மத்திய அரசு 2023இல் 5000 கோடி ரூபாய் மதிப்பில் திட்டம் ஒன்றைத் தொடங்கியுள்ளதால், பழையனவற்றின் இடத்தில் புதிய வண்டிகள் வரும் வாய்ப்பு உண்டு. அவற்றின் எஞ்சின்கள் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. புகையைத் தூய்மையாக்கும் வடிகட்டிகளும், யூரியாக் கரைசலும், அனைத்தையும் கண்காணிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டகமும் கொண்டவை. கரைசல் தீர்ந்தாலோ உணரி ஒன்று பிழை காட்டினாலோ எஞ்சினின் விசையைத் தானே குறைத்துவிடும் ஏற்பாடு இத்தகைய எஞ்சின்களில் உண்டு. சரக்கு லாரிக்கு அது தாமதம் மட்டுமே. தீயின் முன் நின்று நீர் பீய்ச்சுபவருக்கு அது குழாயில் அழுத்தம் இழப்பதாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் தீயணைப்பு வண்டிகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் இவ்வகையில் தளர்வு அளித்ததற்கு இதுவே காரணம். திருகுச்சாவியும் காதுமே போதும் என்ற நிலையில் பழைய டீசல் எஞ்சினைப் பழுதுபார்த்துப் பழகிய பணியாளர்கள், கணினியை இணைத்துப் பிழைக்குறியீட்டைப் படித்துப் பழகும் வரையிலாவது, வெற்றிடச் சோதனையிலும் பிரேக் சோதனையிலும் தொட்டிச் சோதனையிலும் தேறிய ஒரு பழைய வண்டியை ஒவ்வொரு நிலையத்தின் காப்பிலும் விட்டுவைப்பதற்குச் சட்டத்தில் இடமளிப்பது அவசியமாகிறது.