ஆடுகளமும் ஒரு வகுப்பறையே!

பச்சைமலையின் நிழல் நீண்டு விழும் மாலை நேரம். கெங்கவல்லியில் சுவேதா நதியோரத்து வெட்டவெளிகளில் சிறுவர்கள் கபடி ஆடுகின்றனர். சற்றுத் தள்ளி இரு கம்பங்களுக்கிடையே வலை கட்டி இளைஞர்கள் கைப்பந்து அடிக்கின்றனர். வீட்டு வாசலில் நிற்கும் தாய், "விளக்கு வைக்கிற நேரமாச்சு, புத்தகத்தை எடுக்க வேண்டாமா?" என்று குரல் கொடுக்கிறாள். நம் ஊர்களில் அன்றாடம் காணும் காட்சி இது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இதே குரல் பெரியதொரு கேள்வியாக மாறுகிறது. "மகள் நன்றாக ஓடுகிறாள். விளையாட்டுக்காக ஒரு கல்லூரியில் இடம் தருகிறார்களாம். வெளியூர் விடுதியில் தங்க வேண்டுமாம். அனுப்பலாமா?" பெற்றோரின் நெஞ்சை அழுத்தும் இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டு வளர்ந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், விடை தேட ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

தொடங்கிய கதை

பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதும் போட்டிகளுக்கு இங்கிலாந்தே தாயகம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1827இல் கிரிக்கெட்டிலும், 1829இல் படகோட்டத்திலும் முதன்முறையாக மோதின. அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் 1852இல் படகுப் போட்டியில் இறங்கின. உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டு விழா, 'யுனிவர்சியேட்' என்ற பெயருடன் 1959இல் இத்தாலியின் தூரின் நகரில் தொடங்கிற்று. அதே தூரினில்தான் அதற்கு நூறாண்டுக்கு முன்பே புனித தொன்போஸ்கோ, தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர்களைத் திரட்டி, செபத்தோடும் படிப்போடும் விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தார். விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளியை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

நம் தமிழகத்தில் இக்கதையைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். 1919இல் சென்னைக்கு வந்த அவர், மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று நந்தனத்தில் இயங்கும் அக்கல்லூரியே ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் போற்றப்படுகிறது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. அங்கே பயின்று வெளிவந்த உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர்தோறும் பள்ளி, கல்லூரிகளுக்குச் சென்றனர். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் நம் பள்ளி 'பி.டி. மாஸ்டர்' அந்த மரபின் வழித்தோன்றலே.

திறந்த கதவு

இயேசு சபையினரின் லொயோலாக் கல்லூரி 1925இல் சென்னையில் தொடங்கப்பெற்றது. அதன் நிறுவனரான பெர்ட்ராம் அடிகளாரின் நினைவாக அங்கே நடைபெற்று வரும் போட்டிகள் புகழ் வாய்ந்தவை. 1951இல் அப்போட்டியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரிய டென்னிஸ் போட்டியில் பள்ளிச் சிறுவன் ஒருவன் ஆட விரும்பினான். கல்லூரி முதல்வர் சட்டத்தைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சிறப்பு அனுமதி தந்தார். சிறுவன் பட்டத்தையே வென்றுவிட்டான். அவர்தாம் இராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை முன்னேறினார். லொயோலாவில் பின்னாளில் பயின்ற விசுவநாதன் ஆனந்த் சதுரங்கத்தில் உலக வாகையர் ஆனதை நாடறியும்.

பாலா மறைமாவட்டத்தைச் சேர்ந்த அல்போன்சா கல்லூரியும் இவ்வாறே கேரளத்துப் பெண்களுக்கு வழி திறந்தது. அங்கே பயின்ற ஷைனி வில்சன் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிக்கு முன்னேறினார். ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் இந்தியப் பெண்மணி அவரே.

ஏணியின் படிகள்

கல்லூரி விளையாட்டு என்பது ஓர் ஏணி. முதற்படி, கல்லூரி அணியில் இடம்பெறுதல். இரண்டாவது, ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் தமக்குள் மோதும் போட்டி. அதில் மின்னுவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அடுத்தது தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி. அதற்கும் மேலே அகில இந்தியப் போட்டி. இப்படிகள் நெடுங்காலமாக உள்ளவை. கிரிக்கெட்டில் ரோகிண்டன் பாரியா கோப்பைக்காகப் பல்கலைக்கழகங்கள் 1935 முதலே மோதி வருகின்றன. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கென மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57இல் ஏற்பட்டது. அமிர்தசரசில் உள்ள குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் மட்டும் அதனை இருபது முறைக்கு மேல் வென்றுள்ளது. 2020 முதல் 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டுகளும் சேர்ந்துள்ளன.

சேலத்துக் கல்லூரிகள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பல்கலைக்கழக அணியில் இடம்பெற விரும்பிய நம் பகுதி இளைஞன், தலைநகரத்துக் கல்லூரிகளின் வீரர்களையும் வென்றாக வேண்டியிருந்தது. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின், ஏணியின் அடிப்படிகள் நம் வீட்டருகே வந்துவிட்டன எனலாம்.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை அறியாதார் யார்? ஐந்து வயதில் பேருந்து மோதிக் கால் சிதைந்தது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். சேலத்திலேயே கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் அவரை வந்தடைந்தன.

ஒரு பாட்டியின் துணிவு

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்த அவரையும் தங்கையையும் கூலி வேலை செய்து காப்பாற்றியவர் பாட்டி. "பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் ஓடவிடுகிறாயே" என்று உறவினர் இடித்துரைத்தனர். ரேவதி வெறுங்காலோடு ஓடியதைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியிடம் பேசி இசைவு பெற்றார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும், தங்க விடுதியும் கிடைத்தன. பின்னர் இரயில்வேயில் வேலை வந்தது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் அக்குடும்பத்தின் நிலை மாறிவிட்டதன்றோ? அன்று அந்த மூதாட்டி "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால்?

கண்களைத் திறந்துகொண்டே அனுப்புவோம்

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் ஆடுகளத்துக்கே அனுப்பிவிடலாமா? அவ்வாறு நாம் கூற மாட்டோம். ஆயிரம் பேர் ஓடினாலும் மேடையில் நிற்பவர் மூவரே. முழங்காலில் ஒரு காயம் பட்டால் பல ஆண்டு உழைப்பும் முடங்கிப் போகலாம். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுவதற்கு வயது வரம்பும் உண்டு. எனவே விளையாட்டில் இடம் பெற்ற பிள்ளையும் பட்டத்தைத் தவறாது பெற்றாக வேண்டும். படிப்பைக் கைவிட்ட வீரன் ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு ஒப்பாவான்.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. கல்லூரியில் முழுநேர உடற்கல்வி இயக்குநர் இருக்கிறாரா என விசாரியுங்கள். போட்டிகளுக்குச் செல்லும் நாள்களில் தவறும் பாடங்களை எவ்வாறு ஈடுசெய்வர் எனக் கேளுங்கள். கட்டணச் சலுகை மூன்றாண்டுக்கும் உண்டா என எழுத்தில் பெறுங்கள். பெண் பிள்ளையாயின், வெளியூர்ப் போட்டிகளுக்கு உடன் செல்லும் ஆசிரியை யார் என்பதைத் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சான்றிதழ்களை உரிய படிவத்தில் வாங்கிப் பாதுகாத்து வையுங்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கியுள்ள 3 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அவை பேருதவியாகும்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். பதக்கமே பெறாத பிள்ளைக்கும் ஆடுகளம் கற்றுக்கொடுப்பது ஏராளம். தோற்றபின் எதிரணியினரின் கையைப் பற்றிக் குலுக்கவும், நடுவர் தீர்ப்புக்குத் தலைவணங்கவும், தன்னினும் வலிமை குறைந்த தோழனுக்குப் பந்தைக் கொடுக்கவும் அங்கேதான் பழகுகிறான். குடும்ப வாழ்வுக்கும் பங்கு வாழ்வுக்கும் இவற்றினும் சிறந்த பாடம் உண்டோ? புனித பவுலடியாரே கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில் ஓட்டப்பந்தய வீரரின் தன்னடக்கத்தை எடுத்துக்காட்டினார் அல்லவா?

ஆகவே, அன்புத் தாய்மாரே! விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையை அழைக்கத்தான் வேண்டும். புத்தகத்தின் முன் அமரவைக்கத்தான் வேண்டும். ஆனால் அழைக்கும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, அவன் ஆடுவதையும் அவள் ஓடுவதையும் கண்ணாரக் காணுங்கள். அனுப்பலாமா வேண்டாமா என்ற கேள்விக்குரிய விடையின் பாதி, அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.