தோட்டத்து ஹோஸ் குடிநீரைக் கெடுக்குமா?

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வாசல் குழாயில் மாட்டிய ஹோஸின் நுனி அந்தத் தண்ணீரில் கிடந்தால் என்ன ஆகும்?

ஏன் திரும்புகிறது?

வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் எந்நேரமும் குழாயில் ஓடுவதில்லை. சப்ளை நின்றால் அழுத்தம் குறையும். பக்கத்தில் யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். அப்போது ஹோஸ் ஸ்ட்ரா மாதிரி வேலை செய்யும். தேங்கிய நீரும் வாளியில் கலக்கிய உரமும் பொது லைனுக்குள் போகும். 1933-ல் சிகாகோ ஹோட்டல் குழாய்களில் கழிவுநீர் கலந்து பரவிய அமீபா வயிற்றுக்கடுப்பில் 98 பேர் இறந்தனர்.

என்ன செய்யலாம்?

• ஹோஸை வாளிக்குள் போட்டுவிட்டுப் போகாதீங்க. வேலை முடிஞ்சதும் கழற்றிடுங்க.

• சம்ப்பில் விழும் குழாயின் வாய், தண்ணீர் வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப்போல இரு மடங்காவது உயரத்தில் இருக்கட்டும். இந்தக் காற்று இடைவெளிதான் நம்பகமான காவல்.

• ஸ்பிரிங்ளர், சொட்டுநீர்க் குழாய்களைப் பொது லைனில் நேரடியாக இணைக்காமல் மாடித் தொட்டியிலிருந்து எடுங்க. உரம் கலப்பதென்றால் அதற்குத் தனித் தொட்டி.

• நான்-ரிட்டர்ன் வால்வு உதவும். ஆனால் மணல் சிக்கினால் முழுசா மூடாது. அதை மட்டும் நம்ப முடியாது.

காய்ச்சினால் கிருமி சாகும். உரம் போகாது.