ஊழியர் கணக்கையும் படியுங்கள்

வைப்புத்தொகை முதிர்ந்ததும் அதில் ஒரு பகுதியைப் பங்குகளில் இடலாமா என்று ஜோகுபாளையம் வாடிக்கையாளர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. ஒரு நிறுவனத்தின் விற்பனை, இலாபம், கடன் ஆகியவற்றை ஆராய்வோர், அந்த இலாபத்தை ஈட்டித் தரும் ஊழியர் பற்றிய கணக்கைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

நம் பெங்களூருவின் இன்ஃபோசிஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 2022–23ஆம் நிதியாண்டில் அதன் வருவாய் ரூ.1,46,767 கோடி, ஊழியர் செலவு ரூ.78,359 கோடி. நூறு ரூபாய் வருவாயில் ஏறத்தாழ 53 ரூபாய் ஊழியருக்கே செல்கிறது. இத்தகைய தொழிலில் மனித உழைப்பே மூலதனம்.

ஆகவே, பணியிலிருந்து விலகுவோர் விகிதம் முக்கியமானது. 2022 ஜூனில் முடிந்த 12 மாதங்களுக்கு இன்ஃபோசிஸில் அது 28.4 விழுக்காடு, டி.சி.எஸ். நிறுவனத்தில் 19.7 விழுக்காடு. விலகியவருக்கு மாற்றாக ஆள் தேடுதல், பயிற்சி, தடைபடும் பணி ஆகியவற்றின் செலவு இலாப நட்டக் கணக்கில் தனி வரியாகத் தெரிவதில்லை. 2024 மார்ச்சில் இவ்விகிதங்கள் முறையே 12.6, 12.5 எனக் குறைந்தன. இரண்டிலும் குறைந்ததால், வேலைச் சந்தையின் மந்தத்துக்கும் இதில் பங்குண்டு எனக் கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் எண்ணைத் தனித்துப் பாராமல், அதே காலத்துப் போட்டி நிறுவனத்தோடு ஒப்பிடுவதே முறை.

அடுத்தது ஊக்கத்தொகை. ஊர் கூடித் தேர் இழுக்கையில், வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவரும் உண்டு. குழுவுக்குப் பொதுவாகத் தரப்படும் ஊக்கத்தொகையின் குறை இதுவே. தனிநபர் சாதனைக்கு மட்டும் பரிசளித்தால், சக ஊழியருக்கு உதவும் மனம் குன்றும். அமெரிக்காவின் கான்டினென்டல் விமான நிறுவனம் 1995இல் ஒரு வழி கண்டது. குறித்த நேரத்தில் விமானங்களை இயக்குவதில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த மாதங்களில் ஒவ்வொரு ஊழியருக்கும் 65 டாலர் வழங்கியது. நேரம் தவறாமையும் மேம்பட்டது. ஒருவரின் தாமதம் அனைவரையும் பாதிக்கும் பணியில், சகஊழியரே ஒருவரையொருவர் கண்காணிப்பர். இன்ஃபோசிஸ் 1994இலேயே ஊழியருக்குப் பங்குகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிறுவனத்தின் வளர்ச்சியில் ஊழியரும் உரிமையாளராகப் பங்கேற்பதே அதன் நோக்கம்.

இவ்விவரங்களைப் பெறுவது கடினமன்று. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள், ஊழியர் விலகல் விகிதத்தை மூன்று ஆண்டுகளுக்கு வெளியிட வேண்டுமென செபி பணித்துள்ளது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், இயக்குநர் ஊதியம் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

ஆண்டறிக்கையைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். வருவாயைவிட ஊழியர் செலவு விரைந்து வளர்கிறதா? போட்டி நிறுவனங்களைவிட இங்கு விலகுவோர் மிகுதியா? பணியின் இயல்புக்கு ஏற்றவாறு ஊக்கத்தொகை அமைந்துள்ளதா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை உங்கள் சேமிப்பு வைப்புக் கணக்கிலேயே இருப்பதில் தவறேதுமில்லை.