நூத்தியெட்டு சுத்துக்குக் கூலி எவ்ளோ?

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருக்கீங்களா பாஸ்? கொடியேறினதும் கோவிலை 108 தடவை சுத்துவாங்க. பேரு ஆடிச்சுற்று. கூலி பத்து பைசா கிடையாது! வேண்டுதலும் ஒருவகை பேரம்தானேங்கிறீங்களா? சரி, வேண்டுதலே இல்லாம கூட சுத்துற நம்ம பசங்க?

பரிசு, தண்டனை... மனுஷனை நகர்த்த இது ரெண்டும் போதும்னு ஒருகாலத்துல உளவியல்ல பலர் நம்பினாங்க. 1943-ல் மாஸ்லோ, சோறு, பாதுகாப்பு, அன்பு, மதிப்புனு தேவைகளைப் படிப்படியா அடுக்கினார். 1971-ல் எட்வர்ட் டெசி செஞ்ச சோதனைதான் செம! புதிரை விடுவிக்கக் காசு வாங்கின மாணவர்கள், காசு நின்னதும் ஓய்வு நேரத்துல அதைத் தொடுறதையே குறைச்சுட்டாங்க. காசே வாங்காதவங்ககிட்ட அந்தச் சரிவு இல்லை.

வேலைக்காக மட்டும் ஜாவா படிக்கிற மச்சி, ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள் அந்தப் புத்தகத்தைத் திறப்பியா?